கூடா நட்பு

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் சர்வர். காலையில் வந்து, ஜிபியு (என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் கார்டு) என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையைத் தட்டினால், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பதிப்பும் லைப்ரரி பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்று ஒரே வரியில் கைவிரித்துவிடுகிறது. யாரும் எதையும் தொடவில்லை. கார்டும் பழுதாகவில்லை. நடந்தது இவ்வளவுதான்: இரவில் தானியங்கி அப்டேட் ஓடியிருக்கிறது. டிஸ்க்கில் இருந்த லைப்ரரி ஃபைல்கள் புதிதாகிவிட்டன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நினைவகத்தில் உட்கார்ந்திருப்பதோ பழைய மாட்யூல், அதாவது கெர்னலில் செருகப்பட்ட டிரைவர் பகுதி. புதியவர் பேசுவதைப் பழையவர் கேட்க மறுக்கிறார். ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

ஜிபியுவைப் படம் காட்டுவதற்கு இல்லாமல் கணக்குப் போடுவதற்கு வைத்திருப்பவர்களில் அநேகம் பேர் இந்தச் செய்தியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகம் ஒன்றுக்காக இந்த டிரைவரைப் பயனர்கள் நிறுவும் வகையில் பேக்கேஜ் செய்கிறவர்களுக்கு இது தினப்படி வேலை.

டிரைவர் என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஒற்றைப் பொருள் அல்ல. கெர்னலுக்குள் ஓடும் மாட்யூல்கள் ஒரு பாதி. கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்களோடு சேர்ந்து ஓடும் லைப்ரரிகள் மறுபாதி. அவற்றில் முக்கியமானது லிப்கூடா. நாம் எழுதும் நிரல் லிப்கூடாவைக் கூப்பிடும். லிப்கூடா கெர்னல் மாட்யூலைக் கூப்பிடும். மாட்யூல் கார்டிடம் பேசும். லிப்கூடாவும் மாட்யூலும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை அந்த இருவருக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு பதிப்பிலும் அது மாறலாம், மாறினால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் 535.129.03 லைப்ரரிக்கு 535.129.03 மாட்யூல்தான் வேண்டும். பக்கத்துப் பதிப்பு போதாது. கன்டெய்னருக்குள் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) ஓடும் நிரல்களுக்குக்கூட லிப்கூடா வழக்கமாக வெளியே உள்ள கணினியிலிருந்துதான் உள்ளே இணைக்கப்படுகிறது. மற்ற பலவற்றையும் கன்டெய்னர் கையோடு கொண்டுவரலாம், டிரைவரின் லைப்ரரிகளைப் பொதுவாக அப்படிக் கொண்டுவருவதில்லை.

ஜிபியுவைக் கணக்குப் போட வைக்க என்விடியா 2007-இல் வெளியிட்ட ஏற்பாட்டின் பெயர் கூடா (CUDA). தமிழில் எழுதும்போது விழுகிற சிலேடைக்கு நான் பொறுப்பல்ல. ஆனால் லினக்ஸ் கெர்னலுக்கும் இந்த டிரைவருக்கும் உள்ள உறவை நினைத்தால் ‘கூடா நட்பு’ என்றுதான் வாயில் வருகிறது. கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், கேமரா முன்பாகவே அந்த நிறுவனத்துக்கு நடுவிரலைக் காட்டினார். அந்த உறவு அவ்வளவு சுமுகம்.

டெபியனை எடுத்துக்கொள்வோம். கட்டற்ற மென்பொருளையே தன் கொள்கையாக வைத்திருக்கும் விநியோகம் அது. 1997-இல் எழுதிய சமூக ஒப்பந்தத்தில், இப்படிப்பட்ட மூடிய மென்பொருள் டெபியனின் பாகம் அல்ல என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் பயனர்களுக்குத் தேவைப்படுகிறதே என்று ‘நான்-ஃப்ரீ’ என்ற தனிப் பிரிவில் வைத்துக் கொடுக்கிறது. வீட்டுக்குள் சேர்க்கவில்லை, திண்ணையில் இடம்.

என்விடியாவின் உரிமமும் ஒரு நிபந்தனை போடுகிறது. லினக்ஸுக்கான டிரைவரை நகலெடுத்து விநியோகிக்கலாம், ஆனால் பைனரி ஃபைல்களில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. சுருக்கி வைத்திருப்பதை விரிக்க மட்டும் அனுமதி. சின்ன நிபந்தனை போலத் தெரியும். பேக்கேஜ் செய்கிறவர் வழக்கமாகச் செய்யும் எத்தனையோ காரியங்களை அது தடுத்துவிடுகிறது. மற்ற பேக்கேஜ்களில் தேவையற்ற குறியீடுகளை நீக்கி ஃபைலை இளைக்க வைப்பார்கள், இங்கே முடியாது. பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியானால் மற்ற மென்பொருளில் அந்த நாலு வரியை மட்டும் திருத்தி, பதிப்பு எண்ணை மாற்றாமல் கொடுப்பார்கள். டெபியனின் நிலையான வெளியீடு நிலையாக இருப்பதே அப்படித்தான். இங்கே மூலநிரல் கையில் இல்லை. நிறுவனம் புதுப் பதிப்பு வெளியிடும் வரை காத்திருந்து, முழுவதையும் தூக்கி வைக்க வேண்டும். டெபியன் 12 வெளிவந்தபோது இருந்தது 525 வரிசை டிரைவர். பின்னாளில் அதை 535 வரிசைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, கெர்னல் பக்கத்து மாட்யூலுக்கு வருவோம். அதுவும் இரண்டு பாகம்தான். உள்ளே முன்பே கம்பைல் செய்யப்பட்ட (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட), திறக்க முடியாத பெரிய உருண்டை ஒன்று. அதைச் சுற்றி, மூலநிரலாகவே கொடுக்கப்படும் ஒரு மேலோடு. கெர்னலைத் தொடுவது இந்த மேலோடு மட்டும். ஏன் இந்த ஏற்பாடு? லினக்ஸ் கெர்னலின் உள் அமைப்பு நிலையானது அல்ல. இன்று மூன்று உள்ளீடு வாங்கும் ஃபங்ஷன் அடுத்த கெர்னலில் இரண்டு வாங்கும், அதற்கடுத்ததில் காணாமலே போகும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மாட்யூலைக் கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தால் மாற்றுகிறவர்களே அதையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள் என்பது அவர்கள் தரப்பு நியாயம். வெளியே நிற்கிறவர் ஒவ்வொரு முறையும் தானே ஓடி வந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஓட்டத்துக்காக இருப்பது டிகேஎம்எஸ். டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் 2003-இல் எழுதிய கருவி. புதுக் கெர்னல் நிறுவப்படும்போதெல்லாம் இது விழித்துக்கொண்டு, நம் கணினியிலேயே மேலோட்டைப் புதிதாகக் கம்பைல் செய்து, உருண்டையோடு இணைத்து, மாட்யூலாக்கி வைத்துவிடும். நாம் பார்ப்பது திரையில் ஓடும் இரண்டு வரிகள் மட்டும்.

எப்போதும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. 2024 பிப்ரவரியில் டெபியன் 12.5 வந்தது. கூடவே 6.1.76 கெர்னல். அப்டேட் செய்த என்விடியா பயனர்களுக்கு மாட்யூல் கம்பைல் ஆகவில்லை. அதோடு நிற்காமல், புதுக் கெர்னல் பேக்கேஜின் நிறுவலே பாதியில் தொங்கியது. காரணத்தைத் தேடிப் போனால் விசித்திரமாக இருக்கும். கெர்னலின் நினைவக நிர்வாகத்தில் இருந்த ஒரு பிழையைத் திருத்தியிருந்தார்கள். நினைவகத்தின் ஒரு பக்கம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்கும் ‘பிஎஃப்என்-வேலிட்’ என்ற சிறிய ஃபங்ஷன் அது. திருத்தத்தின்போது அதற்குள் ‘ஆர்சியு’ வகைப் பூட்டு ஒன்றைப் போட்டார்கள். திருத்தம் என்றளவில் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அது இன்லைன் ஃபங்ஷன். கூப்பிடும் இடத்திலெல்லாம் அதன் உடலையே நகலெடுத்து ஒட்டிவிடுவார் கம்பைலர். ஆகவே என்விடியா மாட்யூல் அதுவரை கேட்டிராத அந்தப் பூட்டை, தன்னை அறியாமல் நேரடியாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கெர்னலோ தன் ஃபங்ஷன்களை மாட்யூல்களுக்குத் திறந்துவிடும்போது சிலவற்றின் மேல் ‘ஜிபிஎல் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஜிபிஎல் என்பது கெர்னலே பின்பற்றும் கட்டற்ற மென்பொருள் உரிமம். அந்தப் பூட்டின் மேல் அந்தச் சீட்டு இருந்தது. என்விடியா மாட்யூலின் உரிமம் ஜிபிஎல் அல்ல. கதவு சாத்தப்பட்டது. ஒரு நினைவகப் பிழையைச் சரிசெய்யப் போய், உரிமச் சிக்கலாக முளைத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவரின் கணினியில் அப்டேட் தொங்குகிறது. டெபியனில் பேக்கேஜைப் பராமரிப்பவர்கள் மேலோட்டுப் பகுதியைத் திருத்திப் புதுப் பேக்கேஜ் வெளியிட்டார்கள். அந்தக் கூப்பிடல் மேலோட்டில் இருந்ததால் தப்பித்தது. உருண்டைக்குள் இருந்திருந்தால் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கம்பைல் ஆனாலும் அடுத்த வாசலில் காவல்காரர் இருக்கிறார். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே இயங்கவிடும் பாதுகாப்பு ஏற்பாடு) இயங்கும் கணினியில், நம்பிக்கையான சாவியால் கையொப்பமிடாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது. டிகேஎம்எஸ் நம் கணினியிலேயே சாவி ஒன்றை உருவாக்கிக் கையொப்பமிடும். அந்தச் சாவியை நம்பச் சொல்லி ரீபூட்டின்போது வரும் நீலத் திரையில் நாம் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பக்கத்தில் திரையும் கீபோர்டும் இல்லாத சர்வருக்கு இது பெரிய தொல்லை.

உபுண்டு இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. மாட்யூலை அவர்களே கம்பைல் செய்து, அவர்கள் சாவியால் கையொப்பமிட்டுவிடுகிறார்கள். ஆனால் முழு மாட்யூலை அனுப்புவதில்லை. மூடிய உருண்டையும் ஜிபிஎல் கெர்னலுக்கான பகுதியும் ஒட்டிய நிலையில் விநியோகித்தால் உரிமத் தகராறு வரலாம். அதனால் ஒட்டாத துண்டுகளை ஒரு பேக்கேஜிலும், கையொப்பத்தை மட்டும் இன்னொரு பேக்கேஜிலும் அனுப்புகிறார்கள். துண்டுகளை ஒட்டும் வேலை நம் கணினியில் நடக்கிறது. அங்கே ஒட்டி வரும் ஃபைல், அவர்கள் ஆலையில் கையொப்பமிட்ட ஃபைலோடு ஒரு பைட்கூடப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கையொப்பம் செல்லாது. ஒத்திருக்கிறது, அதனால் ஓடுகிறது. சட்டச் சிக்கலுக்குப் பொறியியலால் ஒரு சந்து கண்டுபிடித்துக் கடந்து போகிறார்கள்.

இனி சோதனை. பேக்கேஜ்களை உருவாக்கும் கணினிகளில் பொதுவாக ஜிபியு இருக்காது. கார்டு இல்லாமலே சிலவற்றைச் சோதிக்கலாம். கிடைக்கும் எல்லாக் கெர்னல்களுக்கும் மாட்யூல் கம்பைல் ஆகிறதா என்று டெபியனின் தானியங்கிச் சோதனை பார்த்துவிடும். மேலே சொன்ன பிப்ரவரிச் சிக்கல் மாதிரியானவை இந்த வலையில் சிக்கக்கூடியவை. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மேம்படுத்தி, நீக்கி, மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். ‘கம்பைல் ஆகிறது’ என்பதற்கும் ‘கணக்குப் போடுகிறது’ என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இவை அளக்காது.

அதற்கு உண்மையான கார்டு வேண்டும். வசதியான வழி, கார்டை மெய்நிகர் கணினி ஒன்றிடம் அப்படியே ஒப்படைத்துவிடுவது. கெர்னல் முறிந்தாலும் அந்த மெய்நிகர் கணினிதான் போகும், சோதனையை நடத்தும் கணினி பிழைக்கும். ஒவ்வொரு சோதனையையும் சுத்தமான வட்டில் தொடங்கலாம்.

இங்கே பலர் செய்யும் தவறு, என்விடியா-எஸ்எம்ஐ அழகாகப் பட்டியல் காட்டியதும் பாஸ் போட்டுவிடுவது. அந்தக் கருவிக்கு முதன்மை மாட்யூல் ஒன்றே போதும். கூடா நிரலுக்கோ ‘யுவிஎம்’ என்ற இன்னொரு மாட்யூலும் வேண்டும். சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் பொதுவான நினைவகத்தை நிர்வகிப்பது அதுதான். அது ஏறவில்லையென்றால் பட்டியலில் கார்டு ஜம்மென்று தெரியும், கணக்கு மட்டும் ஓடாது. அதனாலேயே உருப்படியான முதல் சோதனை, இரண்டு எண் வரிசைகளைக் கார்டில் கூட்டி, அதையே சிபியுவிலும் கூட்டி ஒப்பிடுவது. கூட்டல்தானே என்று நினைக்க வேண்டாம். லைப்ரரி, மாட்யூல்கள், சாதன ஃபைல்கள், அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தக் கூட்டல் நடக்கும். நீளமான தொகைகளை ஒப்பிடும்போது கடைசி இலக்கங்களில் சிறு வித்தியாசத்தை அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் விடையின் வாலும் மாறும்.

சாதன ஃபைல்கள் என்றேனே, நிரல்கள் கார்டை அணுகும் வாசல்கள் அவை, அதிலும் ஒரு கூத்து உண்டு. சாதாரண டிரைவர் ஏறியதும் அதற்கான சாதன ஃபைலை அமைப்பு தானாக உருவாக்கிக்கொடுக்கும். அப்படிக் கேட்டு வாங்கும் கெர்னல் ஃபங்ஷன்கள் மேலும் அதே ஜிபிஎல் சீட்டு. மூடிய மாட்யூலால் கேட்க முடியாது. திரை உள்ள கணினியில் வரைகலைச் சூழல் ரூட் உரிமையோடு (நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு) தொடங்கும்போது அந்த வேலையைச் செய்துவிடும். திரையே இல்லாத, கணக்குப் போடும் சர்வரில் யார் செய்வது? அதற்கென்றே ரூட் உரிமையோடு ஓடும் சின்னக் கருவி ஒன்று டிரைவரோடு வருகிறது. மேசைக் கணினியில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டால், இது விடுபட்டிருப்பது தெரியவே தெரியாது.

கூடா நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு தனிக் கதை. அது ஜிசிசி என்ற கம்பைலரின் எல்லாப் பதிப்பையும் ஏற்காது. டெபியன் 12-இல் உள்ளது கூடா 11.8, அது ஏற்பது ஜிசிசி 11 வரை. அந்த வெளியீட்டின் இயல்பான கம்பைலரோ ஜிசிசி 12. ஆக, கருவித்தொகுப்புக்காகப் பழைய கம்பைலரையும் கூடவே இழுத்துக்கொண்டு வர வேண்டும். அப்புறம் பழைய கார்டுகள். கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசையோடு ஆதரவு முடிந்தது, ஃபெர்மிக்கு 390-ஓடு. ஒரே டிரைவர் எல்லோருக்கும் பொருந்தாது, பல வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பராமரிக்க வேண்டும்.

2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. சீட்டுத் தொல்லை இதில் இல்லை. ஆனால் இது டூரிங் தலைமுறைக் கார்டுகள் முதல்தான் வேலை செய்யும். அதற்குப் பிந்தைய பிளாக்வெல் தலைமுறைக்கோ இந்தத் திறந்த மாட்யூல்தான் வேண்டும், மூடியது ஆகாது. டூரிங்குக்கு முந்தைய பாஸ்கல் கார்டுக்கு மூடியதுதான் வேண்டும். எனவே இரண்டையும் கட்டி, இரண்டையும் சோதிக்க வேண்டும். மூடிய உருண்டை செய்த வேலையில் பெரும்பகுதி எங்கே போயிற்று? கார்டுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலிக்கு. அதில் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மூடியதுதான், பதின்கணக்கான மெகாபைட் அளவு. லிப்கூடாவும் மூடியே இருக்கிறது. முன்பு இரண்டு பேர் ஒரே பதிப்பில் இருந்தால் போதும், இப்போது லைப்ரரி, மாட்யூல், ஃபர்ம்வேர் என்று மூன்று பேர். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலர் அதனால்தான் தானியங்கி அப்டேட்டில் இந்தப் பேக்கேஜ்களை மட்டும் ‘ஹோல்டு’ போட்டு நிறுத்திவைத்துவிட்டு, பராமரிப்பு நாளில் கையால் ஏற்றி, உடனே ரீபூட் செய்துவிடுகிறார்கள்.