பியூராக்ரசி: பீரோவின் தாயாதி

பழைய வீட்டு ஸ்டீல் பீரோவைத் திறந்தால் முதலில் அந்துருண்டை வாசனைதான் வரும். பட்டுப்புடவை, நிலப்பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், உள்ளுக்குள் தனிப் பூட்டோடு ஒரு லாக்கர். அந்தப் பீரோவும், அலுவலகமும் அதிகாரிகளும் விதிப்படி நடத்தும் நிர்வாகத்தைக் குறிக்கும் ‘பியூராக்ரசி’ என்னும் சொல்லும் தாயாதிகள்.

பிரெஞ்சு மொழியில் ‘ப்யூர்’ என்பது முரட்டுக் கம்பளித் துணி. எழுதுமேசையின் மேல் அதை விரித்தார்கள். துணியின் பெயர் ‘ப்யூரோ’ என்று மேசைக்கு ஆயிற்று. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கு. அறையின் பெயர் அங்கே உட்கார்ந்து எழுதிய அலுவலகத்துக்கு. கருமையைக் குறித்த ‘கார்’ மேகத்துக்கும், மழைப் பருவத்துக்கும், அப்பருவத்தில் விளையும் நெல்லுக்கும் ஆகிவந்ததை மும்மடியாகுபெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதே கதை. ஆங்கிலத்தில் இழுப்பறை வைத்த எழுதுமேசைக்கும் இந்தப் பெயர் உண்டு. அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டிக்கும் உண்டு. நம்மிடம் அது இரும்பு உடம்பும் கண்ணாடிக் கதவும் பெற்றுக் கல்யாணச் சீர்வரிசையில் சேர்ந்துவிட்டது.

சொல்லின் பின்பாதி கிரேக்கம். ‘க்ராட்டோஸ்’ என்றால் வலிமை, ஆட்சி. டெமாக்ரசியின் வாலும் அதுதான். பிரெஞ்சுத் தலையில் கிரேக்க வாலை ஒட்டவைத்தவர் வேன்சான் து கூர்னே (1712–1759) என்பார்கள். பிரெஞ்சு அரசின் வணிகத் துறையில் உயர் அதிகாரி. ஆனால் வணிகத்தில் அரசு ஓயாமல் மூக்கை நுழைப்பது பிடிக்காதவர். நாட்டைப் ‘ப்யூரோ பித்து’ பிடித்திருக்கிறது என்று அவர் சொல்லிவந்ததையும், ஆட்சிமுறைகளின் பட்டியலில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ பியூராக்ரசியையும் சேர்த்துக் கேலி செய்ததையும் 1764இல் எழுத்தாளர் பாரன் கிரிம் பதிவு செய்திருக்கிறார். ஆக, பிறக்கும்போதே இது வசைச்சொல்.

வசையைக் கலைச்சொல்லாக்கியவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் (1864–1920). அவர் கணக்கில் இது நோயல்ல, நவீன நிறுவனத்தின் எலும்புக்கூடு. எழுதிவைத்த விதி, கோப்பு, படிப்படியான மேலதிகாரம், தகுதி பார்த்து நியமனம், மாதச் சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலாக, பதவி வேறு, ஆள் வேறு. கவுண்டரில் சணல் கயிற்றால் கட்டிப்போட்ட பேனாவைப் பாருங்கள். அந்தப் பேனா எழுத்தருடையது அன்று, அலுவலகத்துடையது. அதிகாரமும் அப்படித்தான். ஓய்வுபெறும் நாளில் மாலையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், நாற்காலியைக் கொண்டுபோக முடியாது.

தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்களில் பழகியது ‘அதிகார வர்க்கம்’. மேடைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆட்களைத்தான் சுட்டுகிறது. மூலச்சொல் சுட்டுவதோ மேசையை. மேலும், தனியார் வங்கியும் பெரிய மருத்துவமனையும் வெபரின் பொருளில் பியூராக்ரசிதான். அங்கே வேலை பார்ப்பவரை ‘அதிகார வர்க்கம்’ என்றால் அவரே சிரிப்பார். ‘அதிகாரத்துவம்’ இடதுசாரி எழுத்தில் புழங்குகிறது. சர்வாதிகாரத்தின் வாடை அடிப்பது அதன் குறை. கோப்பை இழுத்தடிப்பதைச் சொல்லும் ‘சிவப்பு நாடா’ இதன் ஒரு நோய்க்குறி மட்டுமே.

என் தேர்வு ‘பணித்துறையாட்சி’. சற்று நீளம்தான், நாக்கில் வழுக்கி ஓடாது. ஆனால் ஆளை விட்டுவிட்டுத் துறையைப் பிடிக்கிறது. துறை என்ற எண்ணமும் நமக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் நிலவரிக் கணக்குக்குப் ‘புரவுவரித் திணைக்களம்’ இருக்கிறது. அந்தத் ‘திணைக்களம்’ இலங்கையில் இன்றும் அரசுத் துறையின் பெயர். ஒரு காலத்தில் அரசு அலுவலகமாக இருந்த ‘கச்சேரி’யை மட்டும் தமிழ்நாட்டில் பாட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்.

விதி ஒரு நோக்கத்துக்காக வருகிறது. பிறகு விதியைக் காப்பதே நோக்கமாகிவிடுகிறது. 1940இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை எழுதினார். ஓய்வூதியக்காரர் வீட்டில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. உயிரோடுதான் இருக்கிறார் என்று ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். முன்பு காகிதத்தில், 2014இல் மத்திய அரசு ‘ஜீவன் பிரமாண்’ கொண்டுவந்த பிறகு விரல்ரேகையிலும் தரலாம். காகிதம் போனால் பணித்துறையாட்சியும் போய்விடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

போன ஆண்டு அப்பாவை அழைத்துப்போனேன். எண்பது வயது விரல், ரேகை தேய்ந்துவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி கட்டைவிரல். கருவி ஏற்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் எங்கள் தெருக்காரர், இருபது ஆண்டுப் பழக்கம். அப்பாவின் மூட்டுவலியை விசாரித்துவிட்டுத்தான் கருவியையே நீட்டினார். “எனக்குத் தெரிகிறது சார். சிஸ்டத்துக்குத் தெரியவில்லையே” என்றார்.