லயபிலிட்டி: பொறுப்பா, கடப்பாடா?

சேலத்தில் எங்கள் தெருவுக்குப் பூக் கொண்டுவரும் அம்மாவை ஒரு நாய் கடித்தது. அஸ்தம்பட்டியை ஒட்டிய தெரு, காலை 7 மணி இருக்கும். பாதி திறந்திருந்த கேட்டிலிருந்து பாய்ந்து வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வீட்டுக்காரர் ஓடிவந்து நாயை இழுத்துப் பிடித்தார், மனதார வருத்தப்பட்டார், ஆட்டோவுக்கு 200 ரூபாய் கொடுத்தார். பிறகு சொன்னார்: “ஜாதி நாய் அம்மா, தடுப்பூசியெல்லாம் போட்டிருக்கிறது, ஒன்றும் ஆகாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

எங்கள் வீட்டுக் குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினோம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் தோலுக்குள் போடும் அந்தத் தடுப்பூசிக்கு முதல் ஊசி நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு 3, 7, 28ஆம் நாள்களில் மறுபடியும் போக வேண்டும். ஆக 4 காலைப்பொழுதுகள். வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விடியுமுன் வாங்கிய மல்லிகை மறுநாள் வரை காத்திருக்காது. ஊசிக்குப் போன நாளின் வியாபாரம் போனது போனதுதான்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். “முழு லயபிலிட்டியும் நாய் வைத்திருப்பவருடையது” என்றார். அதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னேன். “அப்படியென்றால் என்ன கண்ணு?” என்று கேட்டார். “பொறுப்பு” என்றேன். “பொறுத்துக்கொள்ளச் சொல்லித்தானே அவரும் சொன்னார்?” என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை அகராதிகளின் பக்கம் தள்ளியது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லிகாரே’ என்றால் கட்டுதல். அது பிரெஞ்சில் ‘லியே’ ஆகி, அங்கிருந்து சட்ட மொழியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘லயபிள்’ ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரை மருத்துவர்கள் ‘லிகமென்ட்’ என்கிறார்களே, அதற்கும் இதே வேர். ஆகவே லயபிலிட்டி என்றால் கட்டுப்பட்டிருக்கும் நிலை. ஒருவருடைய செயலும் அதன் விளைவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன, விளைவு எங்கே போனாலும் கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருக்கிறது. நாய்க்கடியைப் பற்றிப் பேசும்போது இந்த வேர்ப்பொருள் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிடுகிறது! சங்கிலி நாயின் கழுத்தில் இல்லாவிட்டாலும் சட்டத்தின் சங்கிலி வளர்ப்பவரின் கையில் இருக்கிறது.

தமிழில் இதற்குப் போட்டியிடும் சொற்கள் இரண்டு: பொறுப்பு, கடப்பாடு. கடப்பாடு பழைய சொல். “கைம்மாறு வேண்டா கடப்பாடு” என்று மழையைச் சொல்கிறார் வள்ளுவர். அங்கே அது திரும்ப எதையும் எதிர்பாராமல் செய்யும் நற்கடமை. கடன், கடமை ஆகியவற்றின் உறவுச் சொல் அது. செய்ய வேண்டியதை முன்கூட்டியே சொல்வது. நாயைக் கட்டி வைப்பதும், கேட்டைச் சாத்துவதும், வெறிநாய்த் தடுப்பூசி போடுவதும் வளர்ப்பவரின் கடப்பாடு. அதில் தவறி, ஒருவர் கடிபட்ட பின் எழுவது வேறொன்று. அதற்குப் பொறுப்பு என்ற சொல்லே சரி என்பது என் முடிவு. சட்டத் தமிழில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், அதனால் முன்னதும் பின்னதும் கலங்கிப்போகின்றன. கணக்குப் பதிவியல் பாடநூல்கள் ‘சொத்துகளும் பொறுப்புகளும்’ என்று எழுதி இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி போட்டுவிட்டன.

பொறுப்பின் வேர் ‘பொறு’. தாங்குதல், சுமத்தல் என்பதே முதற்பொருள். பொறை என்றால் பாரம், பொறை என்றால் பொறுமை, பொறை என்றால் மலையும்கூட. சேர மன்னர்களுக்குப் பொறையன் என்ற பெயர் உண்டு. சேர்வராயன் மலையை வடக்கே பார்த்தபடி வாழும் எங்களுக்கு அந்த மூன்று பொருளும் ஒரு சொல்லில் கூடியிருப்பது எளிதாகப் புரியும்: அசையாமல் பாரத்தைத் தாங்கி நிற்பது.

பூக்கார அம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரே வேரிலிருந்து இரண்டு கிளைகள். பொறுத்தல் என்பது கடிபட்டவர் வலியைச் சுமப்பது. பொறுப்பு என்பது கடித்த நாயை வைத்திருப்பவர் செலவைச் சுமப்பது. சுமை ஒன்றுதான், யார் தலையில் ஏற்றுவது என்பதே கேள்வி. நம் தெருக்களில் அதைப் பெரும்பாலும் கடிபட்டவர் தலையிலேயே ஏற்றிவிட்டு, அதற்குப் பொறுமை என்று நல்ல பெயரும் சூட்டிவிடுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

சட்டம் அப்படி ஏற்றவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல், தெரிந்தோ கவனக்குறைவாலோ விட்டுவிடுபவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291ஆம் பிரிவு. சிறைக்காலம் அதேதான், அபராதம் 5,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. இது குற்றவியல் பக்கம். ஊசி நாள்களின் வருமானம், போக்குவரத்து, வலி ஆகியவற்றுக்கான இழப்பீட்டைத் தனியாக உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்தச் சட்டத் துறைக்குத் தமிழில் தீங்கியல் என்று பெயர், நல்ல பெயர்.

‘தம் வசமுள்ள’ என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ‘தமக்குச் சொந்தமான’ என்று சட்டம் சொல்லவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனால் இதன் கனம் தெரியும். காப்பித் தோட்டத்து பங்களாவின் சொந்தக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். நாய்க்குச் சோறு வைப்பதும், இரவில் அவிழ்த்துவிடுவதும் காவலாளி. விடிகாலையில் மிளகு பறிக்கப் போகும் பெண் அந்த வழியில் கடிபட்டால் நாய் யார் வசம்? காவலாளியின் வசம் என்று சொல்லிச் சொந்தக்காரர் நழுவ நினைக்கலாம். ஆனால் தீங்கியலில், வேலையாள் தன் வேலையின் போக்கில் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. ஆங்கிலத்தில் ‘வைகேரியஸ் லயபிலிட்டி’ என்பார்கள். ‘பிறர்வினைப் பொறுப்பு’ என்று நான் எழுதுவேன். மாதச் சம்பளக்காரர் ஒருவரின் தலையில் மட்டும் இந்தச் சுமையை இறக்கிவைக்க விடக்கூடாது.

இன்னொரு சொல்லும் அவசியம்: ‘சயன்டர்’. லத்தீனில் ‘அறிந்தே’ என்று பொருள். இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டப்படி, நாய் கடிக்கும் குணமுடையது என்று வளர்ப்பவர் அறிந்திருந்தால்தான் அவர் தவறு செய்தாரா என்று பாராமலே பொறுப்பைச் சுமத்த முடியும். அமெரிக்காவில் இதை ‘முதல் கடி விதி’ என்ற பொருளில் அழைத்தார்கள். முதல் கடி வரை நாயின் குணம் தெரியாது என்று வளர்ப்பவர் சொல்லிக்கொள்ளலாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றி அந்தச் சலுகையை நீக்கிவிட்டன: பொது இடத்திலோ, முறையாக நுழைந்த தனியார் இடத்திலோ ஒருவரைக் கடித்தால், முன்பு கடித்ததா இல்லையா என்ற கேள்வியே இல்லை. இங்கிலாந்தில் அந்தப் பழைய விதியின் இடத்தில் 1971இல் விலங்குகள் சட்டம் வந்தது.

நம் ஊர் கேட்டுகளில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அதை மாட்டிவிட்டால் தம் பொறுப்பு தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். பூக்காரரும் தபால்காரரும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் வேலைக்காக அந்தக் கேட்டைத் தொட்டே ஆக வேண்டியவர்கள். நாயின் குணத்தை வீட்டுக்காரர் அறிந்திருந்தார் என்பதற்கு அந்தப் பலகையையே சாட்சியாகக் காட்டி வாதாடவும் இடமுண்டு.

தவறு பாராமல் சுமத்தும் பொறுப்பை ‘ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி’ என்கிறார்கள். ‘கண்டிப்பான பொறுப்பு’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கண்டிப்பு என்றதும் தலைமையாசிரியரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது, சட்டக் கருத்து வருவதில்லை. ‘தவறு சாராப் பொறுப்பு’ என்றால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.

இனி ‘ஜாதி நாய்’. ஆங்கிலத்தின் ‘பிரீட்’ என்ற சொல் அடைகாத்தல், குஞ்சுகளைப் பேணி வளர்த்தல் என்ற பொருளில் பிறந்தது. நம் வாயில் அது ‘ஜாதி’ ஆகிவிட்டது, வடமொழியில் ஜாதி என்றால் பிறப்பு. வளர்ப்பைச் சொன்ன சொல்லின் இடத்தில் பிறப்பைச் சொல்லும் சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆடுமாடு வளர்ப்போரிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: இனம். நம் மாவட்டத்துச் செம்மறியை யாரும் ஜாதி ஆடு என்பதில்லை, மேச்சேரி இனம் என்றே சொல்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் நாய் இனங்கள். எனவே குறிப்பிட்ட இனங்களைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டத்தை ‘இனவாரி நாய்ச் சட்டம்’ எனலாம்.

இப்படிப்பட்ட சட்டங்களில் பெயர்பெற்றது பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு அபாயகரமான நாய்கள் சட்டம். பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்ற 4 வகைகளைத் தடுத்தது. 2023இல் எக்ஸ்எல் புல்லியும் பட்டியலில் சேர்ந்தது. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு: நெதர்லாந்து 1993இல் கொண்டுவந்த பிட்புல் தடையை 2008இல் விலக்கிக்கொண்டது, இத்தாலி 2009இல் தன் இனப்பட்டியலைக் கைவிட்டது. இந்தியாவில் 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், கேன் கோர்ஸோ முதலிய 20க்கும் மேற்பட்ட இனங்களை இறக்குமதி செய்யவும் இனப்பெருக்கம் செய்யவும் விற்கவும் கூடாது என்றது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்பது ஒரு காரணம்.

பெரிய தாடையுடைய நாய் கடித்தால் காயம் பெரிதாகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ராட்வைலர் என்ற பெயரைக் கேட்டு அஞ்சுபவர்கள், ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் அது கசாப்புக்காரர்களின் மாடோட்டும் நாயாக இருந்ததையும் நினைக்க வேண்டும். அந்த வேலை போய், நாள் முழுவதும் சின்னக் கூண்டில் அடைத்து, மாலையில் அவிழ்த்துவிட்டது யார்? பட்டியல் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பட்டியலில் இல்லாத நாய் கடித்தவருக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை. பிரிட்டனின் அதே 1991 சட்டத்தின் 3ஆம் பிரிவு, எந்த இனமானாலும் அபாயகரமாகக் கட்டுமீறிய நாய்க்கு வளர்ப்பவரைப் பொறுப்பாக்குகிறது. நான் பின்பற்றத்தக்கதாகக் கருதுவது அந்தப் பிரிவைத்தான். நம்முடைய 291ஆம் பிரிவிலும் இனத்தின் பெயர் எதுவும் இல்லை.

தெரு நாய் கடித்தால்? அது யார் வசமும் இல்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெரு நாய்களைச் சமூக விலங்குகள் என்கின்றன. கருத்தடை, தடுப்பூசித் திட்டத்தை நடத்தும் கடமை உள்ளாட்சி அமைப்புகளுக்கு. அதே 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், நாய்க்கடி வழக்குகளில் இழப்பீடு தரும் முதன்மைப் பொறுப்பு அரசுடையது என்று கூறி, ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றும், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்துக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்றும் வரையறுத்தது. தமிழ்நாட்டை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் பொறுப்பு என்ற சொல்லை இந்த அளவுக்குத் துல்லியமாக, பற்களை எண்ணி எழுதிக் காட்டிய தீர்ப்பு அது.

28ஆம் நாள் ஊசி முடிந்து திரும்பிய பூக்கார அம்மாவிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தம் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மறுநாள் 4 நாள் வியாபாரக் கணக்கையும் ஊசிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக் கேட்டின் முன் இருவரும் நின்றார்கள். கேட் சாத்தியிருந்தது. மகள்தான் மணியை அழுத்தினாள்.