சின்ன வண்டிக்கு எந்த டிஃப் லாக்? மலைச்சாலையை மறந்து முடிவெடுக்காதீர்கள்

"அண்ணா, லாக்கர் ஒண்ணு போட்டுட்டா எங்க வேணாலும் ஏறிடும்ல?" ஜிம்னி, ஜிப்ஸி, பழைய மஹிந்திரா தார் போன்ற சின்ன ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கும் தம்பிகள் எங்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்பது இதைத்தான். லாக்கர் என்றாலும் டிஃப் லாக் என்றாலும் ஒன்றுதான், இடது வலது சக்கரங்களை ஒரே வேகத்தில் சுழல வைக்கும் பூட்டு. பல இடங்களில் ஏறும், உண்மைதான். ஆனால் அந்த வண்டி சேற்றில் நிற்கும் நேரத்தைவிட மழை நனைத்த தார்ச்சாலையில் ஓடும் நேரமே அதிகம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. லாக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வளைவுகளைத்தான் நான் முதலில் நினைக்கிறேன்.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடுவது டிஃபரன்ஷியல். "பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே மொத்த பவரும் போயிடுது" என்று பலர் சொல்வதுண்டு. உள்ளே நடப்பது வேறு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சமமான முறுக்கு விசையையே தருகிறது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசை போதும். பாறையில் அழுந்தி நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்று என இரண்டு சக்கரங்கள் தூக்கிவிட்டால், ஃபோர் வீல் போட்டிருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். லாக் செய்தால் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும், விசை பிடிமானம் உள்ள பக்கத்துக்குப் போய்ச் சேரும்.

ஜிம்னிக்காரர்கள் காசு செலவழிக்கும் முன் ஒன்று கேளுங்கள். 2023-இல் இங்கே வந்த ஐந்து கதவு ஜிம்னியில் பிரேக் எல்.எஸ்.டி. இருக்கிறது. சும்மா சுழலும் சக்கரத்தை வண்டியே பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் அனுப்பும். பலருக்கு இது வேலை செய்வதே தெரிவதில்லை. சக்கரம் சுழன்றதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் ஃபோர் வீல் கியரில்) போட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மெல்ல அழுத்தியபடி ஓரிரு நொடி பொறுங்கள். கடகடவென்று சத்தம் வரும், பிறகு வண்டி நகரும். கூடவே டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துப் பாருங்கள், திரும்பத் தார் ரோடு ஏறும் முன் நிரப்பிவிடுங்கள். லாக்கர் வேண்டும் என்று வருபவர்களில் கணிசமானோருக்கு இவ்வளவே போதுமாக இருக்கிறது. பிரேக் எல்.எஸ்.டி.க்கும் எல்லை உண்டு. சக்கரம் ஒருமுறை வழுக்கிய பிறகே அது விழித்துக்கொள்ளும், நீண்ட சேற்று ஏற்றத்தில் பிரேக் சூடாகும். அடிக்கடி அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவருக்கு உண்மையான லாக்கர் தேவைதான்.

இனி வகைகள். முதலில், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஜிப்ஸிகளிலும் ஜீப்புகளிலும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்பைடர் கியர்களை வெல்டிங் அடித்து நிரந்தரமாக லாக் செய்யும் பழக்கம் இருக்கிறது. செலவு மிகக் குறைவு என்பதால் இளைஞர்கள் மயங்குகிறார்கள். அப்படிச் செய்த வண்டிக்கு வளைவு என்பதே பகை. பின்சக்கரங்களில் ஒன்று தேய்த்துக்கொண்டுதான் திரும்ப முடியும், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டில் முறுக்கு ஏறும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஜிப்ஸியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம், 2375 மி.மீ. மட்டுமே. இவ்வளவு குட்டை வண்டி ஈர வளைவில் பின்பக்கம் வழுக்கினால் திருத்துவதற்கு ஓட்டுநருக்கு நேரமே இருக்காது. போட்டிக் களத்துக்கு லாரியில் ஏற்றிப் போகும் வண்டிக்கு வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் வண்டியில் வெல்டிங் கேட்டால் எங்கள் பட்டறையில் செய்து தருவதில்லை. வற்புறுத்தினாலும் பதில் மாறாது.

அடுத்தது தானியங்கி லாக்கர். இதில் லஞ்ச்பாக்ஸ் லாக்கர் எனப்படும் வகை, டிஃபரன்ஷியலின் பழைய கூண்டுக்குள்ளேயே ஸ்பைடர் கியருக்குப் பதிலாக உட்கார்ந்துவிடும். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனைத் தொட வேண்டியதில்லை, அதனால் கூலியும் குறைவு. இது எப்போதும் லாக்கிலேயே இருக்கும், வளைவில் மட்டும் வெளிச்சக்கரத்தை டக்டக்கென்று விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்தில் இழுப்பு முழுவதும் உள்சக்கரத்தில். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் இழுப்பு பக்கம் மாறி வண்டி ஒரு உலுக்கு உலுக்கும். நீளமான கனமான வண்டியில் அது சின்ன அசைவு. ஜிப்ஸியில், மழையில், லாரி எதிரே வரும் வளைவில் அது விபத்தாகிவிடலாம். சமதளத்தில் தோட்ட வேலைக்கு மட்டும் வைத்திருக்கும் வண்டிக்கு இதை நான் மறுப்பதில்லை.

மஹிந்திரா தாரின் சில மாடல்களில் வரும் எம்.எல்.டி. (மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்) இதிலிருந்து வேறுபட்டது. ஈட்டன் நிறுவனத்தின் இந்த லாக்கர் சாதாரண ஓட்டத்தில் திறந்தே இருக்கும். இடது வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 100 ஆர்பிஎம் வேறுபாடு வந்தால்தான் பூட்டிக்கொள்ளும், சுமார் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. அதனால் மலைச்சாலைக்குப் பயமில்லை. பூட்டும்போது பின்னால் டக் என்று கேட்பதைப் பழுது என்று நினைத்து வருகிறார்கள், அது அதன் இயல்பு. ஆனால் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்துச் சக்கரத்தை வெறித்தனமாகச் சுழலவிட்டுப் பூட்ட வைக்காதீர்கள்.

சின்ன வண்டிக்கு நான் பரிந்துரைப்பது, வேண்டும்போது மட்டும் போட்டு எடுக்கும் லாக்கர். காற்றில் இயங்குவது, மின்சாரத்தில் இயங்குவது என இரண்டு வழி. ஏஆர்பி போன்ற கம்பெனிகளின் ஏர் லாக்கருக்குக் கம்ப்ரஸர் வேண்டும், அதே கம்ப்ரஸரில் டயருக்கும் காற்று பிடித்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. காற்றுக்குழாய் எங்கும் உரசாமல், சைலன்ஸர் சூட்டில் படாமல் போக வேண்டும். உள்ளே காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் தேய்ந்தால் காற்று கசியும். மின் லாக்கரில் குழாய்த் தொல்லை இல்லை, வயரிங்கில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சில மின் லாக்கர்கள் முன்னால் போகும் கியரில் இருந்து ரிவர்ஸ் போடும்போது ஒரு கணம் விட்டுப் பிடிக்கும், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோர்ஸ் குர்கா வாங்கியவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. முன்னும் பின்னும் கையால் போடும் லாக் கம்பெனியிலேயே வருகிறது.

லாக்கர் கடைகளில் பெரும்பாலும் பேசப்படாத விஷயம் ஆக்ஸிலின் தாங்குதிறன். ஜிம்னி எஞ்சின் தருவது 134 நியூட்டன் மீட்டர். லோ ரேஞ்ச், முதல் கியர், கிரௌன் பினியன் மூன்றும் சேர்ந்து அதை முப்பது மடங்குக்கு மேல் பெருக்குகின்றன. 4000 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் அந்த விசை சாதாரணமாக நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போகும். பின்பக்கம் லாக் போட்டு, மற்ற மூன்று சக்கரமும் பிடி இழந்தால், அந்த மொத்தச் சுமையும் ஒரே ஷாஃப்டில் இறங்கலாம். இத்தோடு பெரிய டயரும் மாட்டி, பாறையில் சக்கரம் சிக்கியிருக்கும்போது க்ளட்சைச் சடாரென்று விட்டால் ஷாஃப்ட் முறிவதில் ஆச்சரியமில்லை. டயர் அளவைக் கூட்டுவது, லாக்கர் போடுவது இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யாதீர்கள். முன்பக்க லாக்கர் இன்னும் ஆபத்து. ஸ்டீயரிங் முழுதாக வளைந்த நிலையில் சுமை ஏறினால், திரும்பும் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் மூட்டான சி.வி. ஜாயின்ட் உடையும். பின்பக்கம் ஒன்று போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பற்றி யோசிக்கலாம்.

முழுக் கூண்டு மாற்றும் லாக்கர் என்றால் கிரௌன் பினியனைப் புதிதாக அமைக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு இடையேயான இடைவெளி) பார்ப்பார்களா, அதைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் கையிருப்பு உண்டா, பல்லில் மை தடவித் தடம் காட்டுவார்களா என்று பட்டறையில் கேளுங்கள். "கை அனுபவம் போதும்" என்று பதில் வந்தால் வேறு பட்டறை தேடுங்கள். லாக்கர் போட்டால் வண்டியின் வாரன்ட்டி போய்விடக்கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொன்னது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

போட்ட பிறகு ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். பக்கச் சரிவில் வண்டி குறுக்காகப் போகும்போது லாக் போடாதீர்கள். லாக் இல்லாவிட்டால் ஒரு பின்சக்கரம் சுழன்றாலும் மற்றது நின்று வண்டியைச் சரிவில் பிடித்துக்கொள்ளும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழன்று, பின்பக்கம் மொத்தமாகப் பள்ளத்தை நோக்கி இறங்கும். சேறான தேயிலைத் தோட்டப் பாதைகளில் இது உயிர் போகும் விஷயம். இறக்கத்தில் திரும்பும்போதும் லாக்கை எடுத்துவிடுங்கள், ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது.

ஸ்விட்சை அணைத்தவுடன் லாக் விட்டுவிட்டது என்று நம்பிவிடவும் கூடாது. ஷாஃப்டில் முறுக்கு ஏறியிருந்தால் அது கடித்துக்கொண்டே இருக்கும். தார்ச்சாலையில் ஏறும் முன், மண்ணிலேயே ஸ்டீயரிங்கை நேராக்கி, வண்டியைச் சில அடி பின்னால் எடுத்து, மீண்டும் முன்னால் நகர்த்தி, ஒரு வட்டம் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தேய்க்காமல் இலகுவாகத் திரும்பினால் சாலையில் ஏறலாம்.