கட்டுமரமும் கேட்டமரனும் ஒன்றல்ல

இரண்டு உடல்கள் கொண்ட உல்லாசப் படகான கேட்டமரனைச் செய்திகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘கட்டுமரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சொல் நம்முடையதுதான். சோழமண்டலக் கரையில் இந்தப் பெயரைக் கேட்டு, 1697-இல் வெளியான தன் பயண நூலில் பதிந்தவர் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அதே பெயர் இரட்டை உடல் படகுகளின் மேல் ஏறிவிட்டது. அந்த அமைப்பின் மூலம் பசிபிக் தீவுகள். பெயர் ஓரிடம், பொருள் வேறிடம்.

கட்டுமரத்துக்கு உள்ளே குடைவான உடலே கிடையாது. செதுக்கிய மூன்று முதல் ஏழு கனமில்லாத மரங்களைக் கயிற்றால் பிணைப்பார்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் ஓரமரங்கள் உயர்ந்தும் இருக்கும். ஆணி அடிப்பதில்லை: உப்புநீரில் துருப்பிடிக்கும், அலை மோதும்போது வளைந்துகொடுக்கவும் விடாது. நீர் இடுக்குகளில் ஏறி அப்படியே வடிந்துவிடும். இறைத்துக் கொட்ட வேண்டிய வேலை இல்லை. தொல்லை வேறு. மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அதனால்தான் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துகிறார்கள். உலர்த்தாத மரம் தாழ மிதக்கும், துடுப்புக்கு லேசில் நகராது.

கேட்டமரன் அகலத்தால் உறுதி பெறுவது. எளிதில் சாயாது, பெரியது ஒன்று முழுதாகக் கவிழ்ந்துவிட்டாலோ தானாக நிமிராது, தலைகீழாகவே நிலைத்துவிடும். விபத்துச் செய்தியில் இரண்டையும் குழப்பினால், படகில் என்ன நடந்தது என்பதே வாசகருக்குத் தவறாகப் போய்ச் சேரும்.

‘தோணி’ இன்னும் சிக்கலானது. ‘தோண்டு’ என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள் ஒரு சாரார். தொட்டியைக் குறிக்கும் வடமொழி ‘துரோணி’யோடு இணைப்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே குடைந்த மரத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன. ஆனால் தூத்துக்குடியில் தோணி என்றால் பலகை வைத்துக் கட்டிய சரக்குக் கப்பல். சில நூறு டன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும். அதைச் ‘சிறு படகு’ என்று மொழிபெயர்த்தால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

படகைக் குறிக்கும் ‘வள்ளம்’ கிண்ணத்துக்கும் தானிய அளவைக்கும் உரிய பெயர்கூட. பழம்பாடலில் வள்ளத்தில் பால் வந்தால் அங்கே படகைத் தேட வேண்டாம்.

பெயரை மட்டும் நம்பி எழுத வேண்டாம். கயிற்றால் கட்டியதா, குடைந்ததா, பலகை சேர்த்ததா, ஃபைபரா என்று முதலில் கேளுங்கள். பிறகு நீளம், துடுப்பா எஞ்சினா என்பது. இவை தெரியாவிட்டால் ‘படகு’ என்றே எழுதிவிடலாம்.