கம்ப்யூட்டர் எப்படி அணைகிறது என்று பாருங்கள்

போன மே மாதம் எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் தினமும் மத்தியானத்தில் பட்டென்று அணைந்துகொண்டிருந்தது. மகள் பாதி முடித்திருந்த ப்ராஜெக்ட் இரண்டு முறை போயிற்று. சர்வீஸ் கடையில், "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் சார், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார்கள். அடித்தோம். மறுநாள் மத்தியானம் மறுபடி அணைந்தது.

விண்டோஸ் தானே தடுக்கி விழுந்தால் பெரும்பாலும் ஒரு தடயம் விடும்: நீலத்திரை, அதில் ஒரு பிழைக்குறி, டிஸ்கில் ஒரு பதிவு. எதுவுமே இல்லாமல் நொடியில் திரை இருண்டு ஃபேனும் நின்றால், மின்சாரமே வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைப் பார்த்துப் பலர் அதையே காரணம் என்று நினைக்கிறார்கள். அது அணையும்போது எழுதப்பட்டதல்ல. அடுத்த முறை ஆன் ஆகும்போது, "முந்தைய தடவை ஒழுங்காக மூடப்படவில்லை" என்று விண்டோஸ் குறித்துவைப்பது, அவ்வளவுதான்.

மின்சாரத்தை வெட்டியது சூடா, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸா? கடிகாரத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். எங்கள் கம்ப்யூட்டர் முதலில் 25 நிமிடம் ஓடியது. அணைந்தவுடன் ஆன் செய்தால் 4 நிமிடம்தான். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி 20 நிமிடத்துக்கு மேல் ஓடியது. அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி, உள்ளே ஏதோ ஒன்று சூடு இறங்காமல் இருந்தது.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் 65 வாட் என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு முழுவதும் நகம் அளவு சில்லிலிருந்து வெளியேற வேண்டும். பல இன்டெல் பிராசஸர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கும்போது பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு ஏறினால் மதர்போர்டுக்கு சிக்னல் கொடுத்து மின்சாரத்தை வெட்டவைக்கும். இந்தக் காவல் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸைக் கேட்டுக்கொண்டு அது நடப்பதில்லை. அதனால்தான் தடயமும் இல்லை.

கேபினட்டைத் திறந்தோம். ஃபேனுக்கு அடியில், பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளித் துணி போலப் படிந்திருந்தது, பிய்த்தால் துண்டாகவே வந்தது. ஹீட்சிங்கைக் கழற்றினால், தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அந்தப் பேஸ்ட் எதற்கு? பிராசஸரின் மேல்தகடும் ஹீட்சிங்கின் அடிப்பக்கமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் மேடும் பள்ளமும்தான். மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், பள்ளங்களில் காற்று நிற்கும். தாமிரத்தோடு ஒப்பிட்டால் காற்று சூட்டைக் கடத்துவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பேஸ்ட் தாமிரத்துக்கு ஈடாகாது, ஆனால் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது. பட்டாணி அளவு போதும். தடிமனாக அப்பினால் அதுவே தடையாகிவிடும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைத்தோம். அன்றிலிருந்து மத்தியானத்தில் அணையவில்லை.

ஆறிப்போன கம்ப்யூட்டரும் கேம் தொடங்கிய கணத்திலேயே அணைகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். அதன் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். திடீரென்று கூடும் பளுவைத் தாங்காமல் வோல்டேஜ் சரிந்தால், இயந்திரம் ரீசெட் ஆகும் அல்லது அணையும். அதை மட்டும் தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

நீலத்திரை வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைக்குறி என்றால் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேமைப் பாருங்கள். 8 ஜிபி ரேமில் கிட்டத்தட்ட 6,870 கோடி நுண்ணிய மின்தேக்கிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பிட்டை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லாவற்றையும் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒரு மின்தேக்கி அதற்குள் காலியானால், அந்த இடத்தில் இருந்த தகவல் கெடும். இன்று அங்கே பிரவுசர் இருக்கும், நாளை விண்டோஸின் உயிர்நாடியே இருக்கும். குறி மாறி மாறி வருவது அதனால்தான். மாறாமல் ஒரே குறி, ஒரே டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) பெயர் என்றால் முதலில் அந்த டிரைவரை மாற்றிப் பாருங்கள்.

ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். பிழை காட்டினால் ரேம்களை ஒவ்வொன்றாக, இடம் மாற்றிச் சோதியுங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம் பிழை காட்டினால் அந்த ரேம் போய்விட்டது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால், சிக்கல் மதர்போர்டில்.