வேலையை விட்டாச்சு, சம்பள பாக்கி வரவில்லையா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லர். வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியும் கடைசி மூன்று வாரக் கூலி கைக்கு வரவில்லை. கேட்கப் போனால் "அடுத்த சனிக்கிழமை வாம்மா" என்கிறார்கள். நாலு சனிக்கிழமை அலைந்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிடப் பார்த்தார். விடவே கூடாது. அது அவர் உழைத்த காசு.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீங்களாக நின்றாலும், அவர்கள் நிறுத்தினாலும், கம்பெனியையே மூடினாலும், சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. "செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்" என்று பல ஆபீஸ்களில் சொல்வது அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். பழைய 1936-ஆம் வருடச் சட்டம், மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களைச் சேர்க்கவில்லை. இப்போது அந்த வரம்பு கிடையாது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் மேனேஜருக்கும் ஒரே சட்டம்தான். (கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனிக் கணக்கு, அதற்கு 30 நாள்.)

சரி, கொடுக்கவில்லை என்றால்? முதலில் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் கம்பெனிக்கு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லாவிட்டால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், 45-ஆம் பிரிவின்படி ஊதியக் கோரிக்கை மனு கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். வங்கி, ரயில்வே, துறைமுகம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்கள் மத்தியத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். மூன்று வருடம் வரை மனு போடலாம். பத்துப் பேருக்கு பாக்கி என்றால் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். நீங்கள் உறுப்பினராக இருக்கும் பதிவு பெற்ற சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம்.

எல்லோரும் பயப்படுவது ஆதாரத்துக்குத்தான். சம்பளம் கொடுத்தாச்சு என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, இதைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்று காட்டினால் போதும். அந்த அக்காவிடம் பேசிலிப் கிடையாது. ஆனால் ஒரு சின்ன டைரி இருந்தது. "திங்கள் ஒன்றரை ஷிப்ட், செவ்வாய் ஒரு ஷிப்ட்" என்று நாள்தோறும் பால்பாயின்ட் பேனாவில் குறித்திருந்தார். கூடவே பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கில் முன்பு சம்பளம் ஏறிய வரிகள், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள். எதையும் அழித்துவிடாதீர்கள்.

"எனக்கு எந்த பாக்கியும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களா? பலர் இதோடு எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வர வேண்டிய சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 60-ஆம் பிரிவு. ஆனாலும் பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள், பின்னால் வீண் வாதம்தான். அப்புறம், கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்து அவர் போனை எடுக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அவர் கொடுக்காவிட்டால் நீங்கள் வேலை பார்த்த நிறுவனத்தின் உரிமையாளர்தான் கொடுத்தாக வேண்டும்.

மனுவை மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. பாக்கியோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எவ்வளவு என்பது அவர் முடிவு, பத்து மடங்கை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உத்தரவு வந்தும் முதலாளி கட்டவில்லை என்றால், நில வரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் மூலம் வசூலிப்பார்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.