‘கன்வெர்ஜ் ஆயிட்டு சார்’ என்று வருகிறவர்களுக்கு

போன சனிக்கிழமை பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். இன்ஜினியரிங் கடைசி வருஷம். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ப்ராஜெக்ட் ரிப்போர்ட். 3 மீட்டர் விட்டமுள்ள சின்னக் காற்றாலை, நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் காற்று, அதிலிருந்து 1,550 வாட் கிடைக்கும் என்று, காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன் (சிஎஃப்டி என்பார்கள்) சொல்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் நீலமுமாகப் படங்கள். “கன்வெர்ஜ் ஆயிட்டு சார்” என்றான் ஒருவன், பெருமையோடு. கணக்கு ஒரு விடையில் வந்து நின்றுவிட்டது என்கிறான்.

இந்த வருஷத்தில் இப்படி வந்த ஐந்தாவது ரிப்போர்ட் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கால்குலேட்டரை எடுக்கச் சொன்னேன். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு 7.07 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்தால், அந்த வட்டத்துக்குள் வரும் காற்றின் மொத்தத் திறனே ஏறக்குறைய 2,170 வாட்தான். திறந்த வெளியில் நிற்கும் காற்றாலை அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது. ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆக, 1,290 வாட்தான் உச்சவரம்பு. நல்ல பெரிய காற்றாலைகளே 45, 50 சதவீதத்தோடு நின்றுவிடுகின்றன. இவர்கள் ரிப்போர்ட்டில் 71 சதவீதம். கயத்தாறு, பணகுடி பக்கம் பஸ்ஸில் போனாலே இரண்டு பக்கமும் காற்றாலைகளாக நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, இந்த ஒரு பெருக்கலை யாருமே போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

“ஆனா ரெசிடுவல் எல்லாம் கீழ இறங்கிட்டே சார்?”

இறங்கும் தம்பி. ரெசிடுவல் என்பது சமன்பாடுகளில் இன்னும் மீதமிருக்கும் பிசகு. அது இறங்கியது என்றால், நீங்கள் கொடுத்த மெஷ்ஷில், அதாவது இடத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரித்த வலையில், ஓரங்களில் நீங்கள் கொடுத்த நிபந்தனைகளோடு (பவுண்டரி கண்டிஷன்), சமன்பாடுகளுக்குக் கணினி ஒரு விடை கண்டுவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான். ரைஸ் மில் கணக்குப்பிள்ளை நாற்பது மூட்டையின் எடையையும் பிசகில்லாமல் கூட்டுகிறார். தராசு மூட்டைக்கு இரண்டு கிலோ கூடக் காட்டியிருந்தால்? கூட்டல் சரி, நெல் குறைவு. ரெசிடுவல் கூட்டலை மட்டும்தான் சரிபார்க்கும், தராசை அல்ல. காற்று ஓடுவதற்காகக் கணினியில் போட்ட பெட்டி சின்னதா, அலகு தப்பா, மெஷ்ஷில் செல் போதுமா, காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் டர்புலன்ஸ் மாடல் பொருந்துமா, எதுவும் அதற்குத் தெரியாது. தப்பான கேள்வியைக் கொடுத்தாலும் ரெசிடுவல் கோடு அதே அழகோடு கீழே இறங்கும். தயவுசெய்து, கன்வெர்ஜ் ஆனதையும் சரியாக இருப்பதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். படத்தின் வண்ணங்களையும் அப்படித்தான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் மென்பொருள் வண்ணம் தீட்டித் தரும்.

சரி, 71 எங்கிருந்து வந்தது? 3 மீட்டர் காற்றாலையைச் சுற்றி 4 மீட்டருக்கு 4 மீட்டர் பெட்டி போட்டிருந்தார்கள். பெட்டியின் குறுக்குவெட்டில் 44 சதவீதத்தைக் காற்றாலையே அடைத்துக்கொண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி ஓட ஆற்றில் இடம் இருக்கிறது. அதே அளவு கல்கட்டை ஒரு வாய்க்காலுக்குள் வைத்துப் பாருங்கள். விலக வழியில்லாத தண்ணீர், கிடைத்த இடுக்கில் முட்டிக்கொண்டு பாயும். வெளியில் காற்றாலை நிற்பது ஆற்றில். இவர்கள் வைத்தது வாய்க்காலில். விலகிப் போகவேண்டிய காற்று இறக்கைகளுக்குள் தள்ளப்பட்டது, திறன் ஏறியது. அடைப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இந்தக் காற்றாலைக்கு 12 மீட்டருக்கு 12 மீட்டராவது வேண்டும். காற்றாலைக்கு முன்னால் அதன் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, பின்னால் பத்து மடங்குக்குக் குறையாமல் இடம் விடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காற்றாலையிலேயே கை வைக்காதீர்கள். ராக்கெட்டின் புகை வெளியேறும் நாசிலிலும் வேண்டாம். இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்தில் இருப்பதால் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு குழாயில் தொடங்குங்கள். 2 சென்டிமீட்டர் விட்டம், தண்ணீர், நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம். ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 1,000, ஆகவே ஓட்டம் சீராக இருக்கும். நடுவில் வேகம் சராசரியைப் போல இரண்டு மடங்கு வரவேண்டும், மீட்டருக்கு 4 பாஸ்கல் அழுத்தம் குறையவேண்டும். வரவில்லையா? குழாயை 30 சென்டிமீட்டரில் நிறுத்தியிருப்பீர்கள். இந்த ஓட்டம் முழுதாக உருப்பெறவே ஏறக்குறைய 1.2 மீட்டர் பிடிக்கும், அதற்குப் பிறகுதான் இந்த எண்களைத் தேடவேண்டும். அப்புறம், மேல் மூடி மட்டும் நகர்ந்து உள்ளே இருக்கும் திரவத்தைச் சுழற்றும் சதுரப் பெட்டி. ஓப்பன்ஃபோம் என்ற இலவச சிமுலேஷன் மென்பொருளின் முதல் பாடமே அதுதான். 1982-இல் கியா, கியா, ஷின் வெளியிட்ட அட்டவணையோடு உங்கள் எண்களை வைத்துப் பாருங்கள்.

மெஷ்ஷை மூன்று அளவில் போடுங்கள். விடை மாறிக்கொண்டே இருந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். மூன்று திசையிலும் செல்லைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும், லேப்டாப் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வடிவத்தைக் கொண்டுபோகும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டராகப் படித்து, 3 கிலோமீட்டர் காற்றாலைக்கு வாட் கணக்குச் சொன்னவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

க்ராக் செய்த மென்பொருள் வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஓப்பன்ஃபோம் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை ஐஐடியின் ஃபோசி என்ற இலவச மென்பொருள் திட்டத்தில் அதற்குப் பாடங்களும் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் ஃப்ளூயண்ட்டைத்தான் பழகவேண்டும் என்றால், அதை விற்கும் ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பு இருக்கிறது. செல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, பழக அது தாராளம்.

கைடாக இருக்கும் ஆசிரியர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன், “கையால் போட்ட கணக்கு எங்கே?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வைவாவில் வண்ணப் படத்தைப் பார்த்து மார்க் போட்டால், அடுத்த வருஷப் பிள்ளைகளும் அதைத்தான் கொண்டுவருவார்கள்.

அந்தப் பையன்கள் நேற்று ராத்திரி போன் பண்ணினார்கள். பெட்டியை 12 மீட்டராக்கி, மெஷ்ஷை மூன்று தடவை மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். கடைசி இரண்டு மெஷ்ஷிலும் 38 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறதாம். “ரொம்பக் கம்மியாயிட்டே சார், ரிப்போர்ட்ல எதைப் போட?” என்று கேட்டான். 38-ஐப் போடச் சொன்னேன். பழைய 71-ஐயும், அது ஏன் வந்தது என்பதையும் தனி அத்தியாயமாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.